கறை என்று சொல்லப்பட்ட 34 வருடங்கள்

நுண்டுளைச் சிலிக்கனைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே வரிதான் வரும்: 1956, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம், தற்செயலான கண்டுபிடிப்பு. முடிஞ்சுது கதை. நாங்கள் கலைப்பீடக்காரர், சமன்பாட்டைக் கண்டால் பக்கத்தைப் புரட்டுகிற ஆக்கள். ஆனாலும் ‘கண்டுபிடித்தல்’ என்ற சொல்லை இவ்வளவு இலேசாகப் பாவிக்கலாமா என்பது எங்கட பக்கத்துக் கேள்விதான்.

அன்று நடந்தது இதுதான். ஆர்தர் ஊலிர், ஜேர்மானியத்தையும் சிலிக்கனையும் மின்பகுப்பால் வடிவமைக்க, மெருகேற்ற ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். திரான்சிஸ்டர் பிறந்து பத்து வருடம்கூட ஆகாத காலம். ஐதரோபுளோரிக் அமிலத்தில் சிலிக்கனை அனோட்டாக வைத்து மின்னோட்டத்தைக் கூட்டினால் மேற்பரப்பு பளபளக்கும். குறைத்தால் கறுப்பாக, கபிலமாக, சிவப்பாக ஒரு மங்கல் படை வரும். அவருக்குத் தேவைப்பட்டது பளபளப்பு. படை ஒரு தொந்தரவு. மேலே ஏதோ சேர்வை படிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 1958 இல் டெனிஸ் டேர்னரும் அதே படையை ஆராய்ந்தார். அவரும் அதைத் துளை என்று சொல்லவில்லை.

உண்மையில் அங்கே எதுவும் வந்து படியவில்லை. இருந்தது அரிபட்டு, மிச்சமாக நின்றதுதான் அந்தப் படை. சிலிக்கன் கரைவதற்கு உள்ளேயிருந்து நேரேற்றம் மேற்பரப்புக்கு வரவேண்டும். (பாடப்புத்தகம் இந்த நேரேற்றத்தையும் ‘துளை’ என்றுதான் சொல்லும். குழம்பாதேங்கோ.) சின்னக் குழி ஒன்று விழுந்தால் அதன் அடிநுனியில் மின்புலம் கூட, நேரேற்றம் அங்கேதான் ஓடும். நுனி கரைந்துகொண்டே போக, பக்கச் சுவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் சுவர் தப்பிவிடும், குழி ஆழமாகும். கறையான் மரத்தைத் தின்கிற மாதிரி, வெளி உருவம் அப்படியே நிற்கும். ஒரு கன சென்ரிமீற்றருக்குள் சில நூறு சதுர மீற்றர் மேற்பரப்பு ஒளிந்திருக்கலாம்.

1971 இல் யப்பானில் வதனபேயும் சகாயும்தான் இந்தப் படை துளைகள் நிறைந்தது என்று எழுதினார்கள். துளை இருந்தால் ஒட்சிசன் இலகுவாக உள்ளே போகும், படை முழுவதும் ஒட்சைட்டாகும். திரான்சிஸ்டர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்க நல்ல காவலி. அடுத்த பத்துப் பதினைந்து வருடம் அதன் மதிப்பு பெரும்பாலும் அந்த அளவில்தான் இருந்தது.

பிறகு 1990. இங்கிலாந்தின் மோல்வேர்னில் இருந்த பாதுகாப்பு அமைச்சின் ஆய்வுகூடத்தில் லீ கான்ஹம், துளைகளை இன்னும் அகலமாக்கி, சுவர்களைச் சில நனோமீற்றர் தடிப்புள்ள கம்பிகளாக மெலியவைத்தார். ஒரு மில்லிவாட்டுக்கும் குறைந்த பச்சை அல்லது நீல லேசரை அடித்தால், சாதாரண அறை வெப்பநிலையிலேயே அது வெறுங்கண்ணுக்குத் தெரியச் சிவப்பாக ஒளிர்ந்தது. ஒளி தர வக்கில்லாத பொருள் என்று பெயரெடுத்த சிலிக்கன்! அதே மோல்வேர்னில் 1984 இலும் ஒரு குழு ஒளிர்வைப் பார்த்திருந்தது, கடுங்குளிரில். அப்போது பெரிதாக யாரும் அசையவில்லை. ஏனென்றால் ஒளி மட்டும் போதாது, அது ஏன் என்ற விளக்கமும் வேண்டும். இலத்திரனை மிகச் சின்ன இடத்தில் அடைத்தால் அதன் சக்தி கூடும் என்ற குவாண்டம் விளக்கம்தான் 1990 இன் பலம். 1991 இல் லேமனும் கோசலேயும் தனியாக, ஒளி உறிஞ்சலை அளந்து அதே முடிவுக்கு வந்தார்கள்.

அதுகூட உடனே ஒப்புக்கொள்ளப்படவில்லை. 1992 இல் ஸ்ருட்கார்ட்டிலிருந்து ஒரு குழு, ஒளிர்வது சிலிக்கனே இல்லை, சிலொக்சீன் என்ற சேர்வை என்றது. பாருங்கோ, 36 வருடம் கழித்தும் ‘மேலே ஏதோ சேர்வை’ என்ற பழைய சந்தேகம் திரும்பி வருகுது. எங்களுக்கு இந்த வாக்குவாதம்தான் வரலாறாகத் தெரியுது, தற்செயல் கதை அல்ல.

இன்னொன்று. இன்றைய வரலாறுகள் கண்டுபிடித்தவர்கள் என்று ஆர்தரோடு இங்கபோர்க் ஊலிரையும் சேர்த்தே சொல்கின்றன. 1956 கட்டுரையின் தலைப்பின் கீழ் இருப்பது ஆர்தரின் பெயர் மட்டும்.