நெடுந்தீவுக் குதிரைகளும் பழக்கியோரும்

குதிரையேற்றத்தை வீரத்தின் அடையாளமாகவே எமது வரலாற்று நூல்கள் பெரிதும் பேசிவந்துள்ளன. அது முதற்கண் உடலுழைப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தொடையின் பிடி, இடுப்பின் நெகிழ்வு, தளராத முதுகு ஆகியன நாட்பட்ட பயிற்சியாலன்றி வாய்ப்பதில்லை. குதிரைக்கும் அவ்வாறே. நீண்ட கயிற்றிற் பிணைத்து வட்டமாக நடத்தியும் ஓட்டியும் மூச்சும் தசையும் வலுப்பெறச் செய்த பின்னரே முதுகிற் பாரம் ஏற்றுவர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் மாண்டன என்றார். குதிரை விற்ற வணிகரின் கூற்றையே அவர் நம்பினாரோ என்னும் ஐயம் எமக்குண்டு.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நெடுந்தீவிற் குதிரை வளர்த்தனர். புல்வெளியும் சுற்றிலும் கடலும் இருக்க, வேலிக்குத் தேவை ஏது? பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரியின் கீழும் அத்தொழில் நடந்தது. பாழடைந்த லாயத்தின் கற்றூண்களைக் காணச் செல்வோர் இன்றும் கேட்பது அவர் பெயரையே. கட்டுக்கடங்காத குதிரையைப் பிடித்து, உதையும் இழுப்பும் தாங்கிப் பழக்கியெடுத்த உடல்கள் யாருடையவை என்று எவரும் வினவுவதில்லை. அவ்வுழைப்பின்றிச் சவாரி ஏது?

அக்குதிரைகளின் வழிவந்தவை எனப்படுவன இன்று சேணமின்றித் தீவில் அலைகின்றன; கோடையில் நீர் தேடி வாடுகின்றன.