நாகம்மாள் கேட்ட பங்கு

கொங்கு நாட்டில் நிலத்தின் வரலாறு பெரும்பாலும் பாகப்பிரிவினையின் வரலாறாகவே அமைந்துள்ளது. மழை குறைந்த மண். கிணற்றை நம்பிய பண்ணையம். கவலை இறைத்துக் காப்பாற்றிய தோட்டம். காட்டையும் தோட்டத்தையும் அளந்து, வரப்பிட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க இயலாது. நீரை முறை வைத்தே பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே, பிரிந்த பின்னரும் பங்காளிகள் ஒரே கிணற்றுமேட்டில் சந்தித்தாக வேண்டியிருந்தது. ‘பங்காளி’ என்னும் சொல் உறவையும் பகையையும் ஒருங்கே உணர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குடும்பத்தினுள் புதைந்து கிடக்கும் இரகசியமும், எவரும் எதிர்பாராத வாரிசின் வருகையும் இன்றைய மர்ம நாவல்களுக்கே உரிய பொருள்கள் என்று கருதுவோர் உண்டு. நம் வட்டாரத்தின் இரு படைப்புகள் இக்கருத்தை மறுக்கின்றன. ஒன்று, உடுக்கடித்துப் பாடப்பெறும் அண்ணன்மார் சுவாமி கதை. மற்றொன்று, ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-இல் வெளிவந்த ‘நாகம்மாள்’. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதும், அந்நாளையச் சட்டத்தின் ஒளியில் நாகம்மாளின் வழக்கை மீண்டும் விசாரிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்ணன்மார் கதைக்கு வடிவங்கள் பல. காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1965-இல் பிரெண்டா பெக் அம்மையார் ஒலிப்பதிவு செய்த வடிவம் அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தது. கதையின் தொடக்கமே சொத்துச் சிக்கல்தான். தாய் தந்தையரை இழந்த சிறுவன் பங்காளிகளின் கொடுமைக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேறுகிறான். அயலூரில் ஊழியம் செய்து வளர்கிறான். தாமரை என்பாளை மணந்து திரும்பி வந்து, தன் நிலத்தைக் கேட்கிறான். பங்காளிகளுக்கு அவன் எதிர்பாராத வாரிசு. அவனுக்கு ஆண்மக்கள் பிறந்தால் கொன்றுவிட வேண்டும் என்று அவர்கள் சூழ்ச்சி செய்கின்றனர். பிறந்த பொன்னரும் சங்கரும் மறைத்து வைக்கப்பட்டுத் தெய்வத்தின் காவலில் வளர்கின்றனர். அவர்கள் உயிரோடிருப்பதே அக்குடும்பத்தின் பெரும் இரகசியமாகிறது. உரிய காலத்தில் அவர்கள் வெளிப்பட்டதும் நிலமும் நாடும் அவர்களுடையனவாகின்றன.

இக்கதையில் ஒன்று நோக்கத்தக்கது. வாரிசு மறைக்கப்படுகிறான், ஆனால், அவன் வாரிசு என்பதை எவரும் மறுப்பதில்லை. பங்காளிகள் அஞ்சுவதே அவனுடைய உரிமை ஐயத்திற்கு இடமற்றது என்பதனால்தான். உடன்பிறந்த தங்கைக்கோ அந்த இடம் இல்லை. படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடிச் செல்லும் பாசம் அவளுடையது, ஒப்பாரி அவளுடையது, நிலம் பற்றிய வழக்கில் அவளுக்குப் பேச்சில்லை.

இதற்கு நேர்மாறான நிலையை ‘நாகம்மாள்’ காட்டுகிறது. இங்கே வாரிசு எந்தக் குகையிலும் மறைந்திருக்கவில்லை. அடுப்படியில் எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கிறாள். நாகம்மாள் கணவனை இழந்தவள்; ஒரு பெண் குழந்தைக்குத் தாய்; கொழுந்தன் சின்னப்பனோடும் அவன் மனைவி ராமாயியோடும் ஒரே குடும்பமாக வாழ்பவள். கணவனுக்குரிய பங்கைப் பிரித்துத் தருமாறு அவள் கேட்கிறாள். ஊரில் முரடன் என்று பெயர் பெற்ற கெட்டியப்பனின் தூண்டுதல் அவளுக்குத் துணையாகிறது. கெட்டியப்பன் கையால் சின்னப்பன் மாள்வதில் கதை முடிகிறது.

தமிழின் முதல் வட்டார நாவல் எனப் போற்றப்படும் இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பலர் அதன் கொங்குப் பேச்சுநடையையும் மண்மணத்தையும் வியந்து பேசுவர். நாகம்மாளைப் பற்றிப் பேசும்போது அவளது அடங்காமை, ஆசை, தகாத நட்பு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடந்துவிடுவர். அவள் கேட்டது நியாயமான பங்குதானா, அதைப் பெற அவளுக்கு வேறு வழி இருந்ததா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

சட்டத்தைப் பார்ப்போம். மிதாட்சர முறைப்படி, பிரிவினையாகாத குடும்பத்தில் ஆண்மகவு இன்றி ஒருவன் இறந்தால், அவனது பங்கு எஞ்சியிருக்கும் உடன்பிறந்தானைச் சேரும். கைம்பெண்ணுக்கு உரியது ஜீவனாம்சம் மட்டுமே. மகளுக்கு வளர்ப்புச் செலவும் மணச் செலவும் உண்டு, நிலம் இல்லை. இந்நிலையை மாற்ற ஜி. வி. தேஷ்முக் முன்மொழிந்த முயற்சியின் பயனாக 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனுக்கு இருந்த உரிமை வாழ்நாள் அனுபவமாகக் கைம்பெண்ணைச் சேரும் என்றும், ஆடவரைப் போலவே அவளும் பாகம் பிரிக்கக் கோரலாம் என்றும் அது கூறியது. அக்காலக் குடும்பங்களுக்கு இது எதிர்பாராத உரிமை என்பதில் ஐயமில்லை.

ஆனால், 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாகாணங்களின் அதிகாரத்தில் வைத்திருந்தது. எனவே, 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941-இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்திற்கும் அவ்வுரிமையை விரித்தது 1947-இல்தான். அதாவது, ‘நாகம்மாள்’ அச்சேறிய 1942-இல், நகரத்தில் வீடு வைத்திருந்தவனின் கைம்பெண் பங்கு கேட்கலாம். காடும் தோட்டமும் வைத்திருந்தவனின் கைம்பெண் கேட்க இயலாது. நிலமே சொத்தாக இருந்த கொங்குக் குடியானவப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

ஆசிரியர் இச்சட்ட நுணுக்கங்களை மனத்திற்கொண்டு எழுதினார் என்று வாதிடுவது என் கருத்தன்று. அவர் கண்டது வீட்டையும் ஊரையும், எழுதியதும் அதையே. எனினும், அந்த வீட்டில் நாகம்மாளுக்கு ஏன் எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதைச் சட்ட வரலாறு நமக்கு விளக்குகிறது. நீதிமன்றம் போனால் சோறும் துணியும் கிடைக்கலாம், நிலம் கிடைக்காது. நியாயம் பேசும் சபையும் ஆண்களின் சபை. முறையான வழி அடைபட்ட இடத்தில்தான் கெட்டியப்பன் நுழைகிறான். சின்னப்பனை ஆசிரியர் கொடியவனாகப் படைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. உழைப்பையே அறிந்த அம்மனிதன் மாண்டது கொடுமையே. அக்கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆயினும், அந்தக் கொலைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பேராசை மட்டும் இல்லை; மறுக்கப்பட்ட ஒரு பங்கும் இருக்கிறது.

பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணின் வாழ்நாள் அனுபவத்தை முழு உரிமையாக்கியது. இறந்தவனின் பங்கில் தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் இடமளித்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்பால் பங்குடையவளாக்கியது. ஆனால், அந்நாளுக்கு முன் மணமானவளை விலக்கியது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2005-இல் தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. வீடு நடந்துவிட்டதா? நம் பக்கத்துத் திருமணங்களில் இணைச்சீர் என்னும் சடங்கில் மணமகனின் உடன்பிறந்தாளுக்கு எத்துணைச் சிறப்பு! அதே உடன்பிறந்தாள் பின்னொரு நாள் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டுத் தன் பங்கை விட்டுக்கொடுப்பதும் நாம் அறியாத செய்தியன்று. “சீர் செய்தாயிற்றே” என்பது ஒரு பக்கத்து நியாயம்; “பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே” என்பது மறுபக்கத்து அச்சம். மனமுவந்து கொடுப்போரும் உண்டு. மறுக்க அஞ்சிக் கொடுப்போரும் உண்டு. பத்திரத்தில் இரண்டு ஒப்பங்களும் ஒன்று போலவே இருக்கும்.

அந்த வேறுபாட்டைப் பத்திரம் பதிவு செய்யாது. இலக்கியம்தான் செய்ய வேண்டும். தங்கையின் ஒப்பாரியை உடுக்கை காப்பாற்றித் தந்தது. நாகம்மாளின் உரத்த குரலைச் சண்முகசுந்தரம் காப்பாற்றித் தந்தார். ஒப்பமிட்டுவிட்டு அண்ணன் வீட்டில் சோறுண்டு, இரவுப் பேருந்தில் ஊர் திரும்பும் பெண்ணின் மௌனம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்தாண்டுகளாக இம்மண்ணின் மொழியைக் கவிதையாக்கி வரும் நம் வட்டத்தாரிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் இதுவே. அவளிடம் கேட்டு எழுதுங்கள்.