டவுன்லோடு செஞ்ச படம் காணாம போகுதா? கல்யாண வீடியோவை எப்படி பத்திரப்படுத்துவது?

ஓடிடி செயலியில் டவுன்லோடு செய்த படம் நமக்குச் சொந்தமில்லை. அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். கெடு முடிந்தாலோ, சந்தா நின்றாலோ பார்க்க முடியாது. ஆனாலும் பயணத்தில் அதுதான் கைகொடுக்கும். நெட்ஃபிளிக்ஸில் எச்.டி. தரத்தில் ஸ்ட்ரீமிங் செய்தால் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா காலி!

கல்யாண வீடியோ கதையே வேற. தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை மாட்டி, ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், வீட்டு வைஃபை வழியாகவே டிவியிலும் செல்போனிலும் பார்க்கலாம். இன்டர்நெட் டேட்டா செலவாகாது.

ஆனா, ஒரே டிஸ்க்கை நம்பி இருக்காதீங்க. எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைங்க.