சனம் வருமுன் வந்த ரயில்

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் வீடு தேடும் எங்கள் ஆட்கள் இரண்டு தூரங்களைக் கேட்பார்கள்: பக்கத்து டொலார்-டெ-ஓர்மோவில் இருக்கும் திருமுருகன் கோயிலுக்கு எவ்வளவு, ஸ்டேசனுக்கு எவ்வளவு? தண்டவாளம் போனால் காணி விலை ஏறும் என்பதை நம்பித்தான் அந்த ஸ்டேசனின் ரயில்பாதையே போடப்பட்டது.

1912இல் கனேடியன் நொர்தேர்ன் கம்பனி மவுண்ட் ரோயல் மலையைக் குடையத் தொடங்கியது. மொன்றியல் நகர மையத்துக்கு வரும் நல்ல வழிகளைப் போட்டிக் கம்பனிகள் முன்பே பிடித்துவிட்டன. கம்பனியை நடத்திய வில்லியம் மெக்கன்சியும் டொனால்ட் மானும் மலைக்கு அப்பால் இருந்த தோட்டக் காணிகளை வாங்கிப்போட்டார்கள். சுரங்கம் திறந்ததும் அவற்றை வீட்டு மனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். நகர வடிவமைப்பாளர் பிரெடெரிக் டொட் அங்கே ஒரு மாதிரி நகரத்தை வரைந்து கொடுத்தார். மவுண்ட் ரோயல் நகரம் அப்படிப் பிறந்ததுதான்.

இருபுறமிருந்தும் குடைந்தவர்கள் 1913 டிசம்பரில் சந்தித்தார்கள். அடுத்த வருடம் போர் மூண்டது. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக 1918 ஒக்டோபர் 21இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, கம்பனி கடனில் மூழ்கி அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தது. மனைகள் விற்று முடிய நெடுங்காலம் ஆனது. பாதையின் மேற்கே இருந்த பியர்பொன்ட்ஸ் நகரசபையானதே 1958இல்தான். அந்த முதல் எஞ்சின்களோ 1995 வரை உழைத்தன.

பழைய சேவை 2020 டிசம்பரோடு நின்றது. அதே பாதையில் 2025 நவம்பரில் ரெம் எனப்படும் புதிய ரயில் வந்தது. கியூபெக்கின் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் கெஸ் டெ டெப்போ நிறுவனம் இதில் முதலிட்டிருக்கிறது. நிலையங்களைச் சுற்றி 1 கிலோமீற்றருக்குள் எழும் புதிய கட்டிடங்களுக்குக் கட்டணமும் அறவிடுகிறார்கள். மெக்கன்சி போட்ட அதே கணக்கைப் பொறுமையுள்ள பொதுப்பணம் இப்போது போடுகிறது.

நான் இலங்கையின் வடக்கே தெல்லிப்பழையில் தண்டவாளத்தோரம் வளர்ந்தவன். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை 1905இல் இணைந்த எங்கள் பாதை, புகையிலையையும் உத்தியோகம் தேடிய பிள்ளைகளையும் தெற்கே கொண்டுபோனது. 1990இல் போரால் ரயில் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. இந்தியக் கடனில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் பாதை மீண்டது. கடனை முழு நாடும் கட்டவேண்டும். ஸ்டேசனடிக் காணியின் விலை ஏறினால் அந்த ஏற்றம் காணிக்காரரோடு நின்றுவிடுகிறது.

வடக்குக்கு இன்னும் பாதைகள் வேண்டும். அவற்றைப் போடுமுன், ஏறும் காணி விலையில் ஒரு பங்கைப் பாதைக்கே திருப்பும் சட்டம் வேண்டும். அந்தப் பங்கு மெதுவாகத்தான் வரும் என்பதை மவுண்ட் ரோயல் காட்டியிருக்கிறது. ஐந்து வருடத்தில் லாபம் கேட்கிற காசு இதற்கு உதவாது. நெடுங்காலம் காத்திருக்கக்கூடிய காசு இலங்கையிலும் உண்டு: 1958இல் தொடங்கிய ஊழியர் சேமலாப நிதி. அது தொழிலாளரின் முதுமைக்கான சேமிப்பு. ஆகையால் சட்டம் முதலில் வரட்டும்; அதன் காவலோடு நிதியின் ஒரு சிறு பங்கு எங்கள் தண்டவாளங்களுக்கு வரட்டும்.