குட்டிக் காரும் ரெண்டு கார்புரேட்டரும்

மக்களே, போன மாசம் அப்பாவோட 1997 மாடல் குட்டிக் காரைக் கையில எடுத்தேன். "மேடு வந்தா மூச்சு வாங்குதுடா, யாருக்காச்சும் தள்ளி விட்டுடலாம்"னார் அப்பா. எனக்கு மனசு கேக்கலை. சர்வர் மெதுவானா உடனே புதுசா வாங்குறோம்? எங்க அடைச்சிருக்குன்னு தானே முதல்ல பார்ப்போம்? அந்த ஜோர்ல படிக்க உக்காந்தவன், நேரா 1959 இங்கிலாந்துல போய் விழுந்தேன் :-)

1956 சூயஸ் பிரச்சினையில அங்க பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கொஞ்சமா குடிக்கிற சின்னக் கார் வேணும்னு பிஎம்சி கம்பெனி கேக்க, அலெக் இஸிகோனிஸ் வடிவமைச்சது தான் மினி. 1959 ஆகஸ்ட்ல வந்துச்சு. 848 சிசி, வெறும் 34 குதிரைத்திறன். இஞ்சின் கூட புதுசு இல்லீங்க, மோரிஸ் மைனர்ல ஏற்கெனவே ஓடிட்டிருந்த ஏ-சீரிஸ் வகை தான்.

இஸிகோனிஸுக்கு அது சாமானியர்களோட கார், அவ்ளோ தான். ஆனா அவரோட நண்பர் ஜான் கூப்பர் கண்ணுக்கு வேற ஒண்ணு தெரிஞ்சுது. 1959, 1960 ரெண்டு வருசமும் ஃபார்முலா ஒன் பட்டம் வாங்கின கார்களைக் கட்டினவர் ஆச்சே! 1961ல மினி கூப்பர் வந்துச்சு. என்ன பண்ணினாங்க? அதே இஞ்சினை 997 சிசி ஆக்கி, ரெண்டு கார்புரேட்டர் வச்சாங்க. 34 குதிரை 55 ஆச்சு. கூடவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இந்தக் கடைசி வரியை நான் அப்போ சும்மா தாண்டிப் போயிட்டேன். ஞாபகம் வச்சுக்கோங்க.

டவுன்டன்ங்கிற கிராமத்துல டேனியல் ரிச்மண்ட்னு ஒருத்தர். சிலிண்டர் ஹெட்ல காத்து போற வழியைத் தேய்ச்சு வழவழப்பாக்கி வேகம் கூட்டுவார். விசயம் ரொம்ப சிம்பிள். இஞ்சின்ங்கிறது ஒரு காத்துப் பம்பு. தாராளமா மூச்சு இழுத்து, தாராளமா விட்டா சக்தி கூடும். பிஎம்சியே பிறகு அவரை ஆலோசகரா வச்சுக்கிச்சு. 1964 மான்டி கார்லோ ராலியில பேடி ஹாப்கிர்க் ஓட்டின 1071 சிசி மினி, 4.7 லிட்டர் ஃபோர்டு ஃபால்கனை ரெண்டாவது இடத்துக்குத் தள்ளிடுச்சு!

இதையெல்லாம் படிச்சா கை சும்மா இருக்குமா? எனக்குக் கட்டுப்படியாகிற வேலையா செஞ்சேன். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாத்தினேன். மெக்கானிக் அண்ணன் வால்வு இடைவெளியும் டைமிங்கும் சரி பண்ணிக் கொடுத்தார். டயர்ல காத்து சரியா அடிச்சு, டிக்கியில பத்து வருசமா கிடந்த தட்டுமுட்டு சாமானை இறக்கினேன். எல்லாம் மூவாயிரத்துக்குள்ள. வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு!

மறுநாள் அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு கெத்தா ஒரு ரவுண்டு. தாம்பரம் தாண்டினதும் குறுக்க ஒரு ஆட்டோ. பிரேக்கை மிதிச்சா, வண்டி வழுக்கிட்டே போய் ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு. அப்பா ஒரு வார்த்தை பேசலை. டேஷ்போர்டைப் பிடிச்சிருந்த அவர் கை மட்டும் நடுங்கிட்டிருந்தது. கழட்டிப் பார்த்தா, பிரேக் பேடு தேய்ஞ்சு காகிதமா இருக்கு. முதல்ல பார்க்க வேண்டியதைக் கடைசியா பார்த்திருக்கேன்.

கூப்பர் வேகத்தோட சேர்த்தே பிரேக்கையும் மாத்தினது ஏன்னு அன்னிக்குத் தான் உறைச்சுது. வேகம் கூட்டுற பட்டியல்ல முதல் வரியே பிரேக் தாங்க.

இப்போ பேடு புதுசு, பிரேக் ஆயிலும் புதுசு. வண்டியை விக்கிற பேச்சை அப்பா எடுக்குறதில்லை. ஆனா நான் சாவியை எடுத்தா மட்டும், "நானே ஓட்டுறேன், நீ தள்ளி உக்காரு"ங்கிறார் :-(