பதின்மூன்று வயதுக்குப் பிறகு நம் பையன்கள் எங்கே போகிறார்கள்?

மக்களே, போன வாரம் பழைய மாணவன் ஒருத்தன் கொச்சியிலிருந்து போன் பண்ணினான். "சார், நம்ம தூத்தூர் கடப்புறத்துல நடக்கப் பழகின பிள்ளையும் பந்து தட்டுது. பிறகு ஏன் சார் இந்தியாவுக்கு ஆடினவன்னு விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கு?" என்று கேட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். போனில் சொல்லித் தீரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள், ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இது முழுக்க ஒரே மாநிலம். எல்லை போட்ட பிறகும் ஆட்டம் பிரியவில்லை. அந்தப் பக்கம் பொழியூர், கேரளத்துக்கு சந்தோஷ் டிராபி வீரர்களைக் கொடுத்தது. இந்தப் பக்கத்து ஊர்கள் தமிழ்நாட்டு அணிக்குக் கொடுத்தன.

இங்குள்ள ஆண்கள் ஆழ்கடல்காரர்கள், சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். வள்ளம் ஏறினால் வாரக்கணக்கில் தங்கல். அப்பன் கடலில், பிள்ளை மணலில். சாயங்காலம் எட்டு வயதுக்காரனும் பதினெட்டு வயதுக்காரனும் ஒரே ஆட்டத்தில் நிற்பார்கள். பயிற்சியாளர் கிடையாது, விசில் கிடையாது. மணலில் பந்து சரியாக உருளாது, அதனால் அதைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகியாக வேண்டும். பெரியவன் மோதினால் சின்னவன் விழுவான், அதனால் மோதுவதற்கு முன்பே விலகக் கற்றுக்கொள்வான். நான் விளையாட்டு வாத்தியார் அல்ல. ஆனாலும் பள்ளி விட்டதும் இதை வருஷக்கணக்காக வேடிக்கை பார்த்தவன்.

1990-களில் கனடாவில் வேலை செய்த ஹங்கேரிக்காரர் இஷ்ட்வான் பாயி என்பவர், ஒரு விளையாட்டு வீரனை நீண்ட காலத் திட்டத்தில் எப்படி வளர்ப்பது என்று படிப்படியாக வகுத்துச் சொன்னார். சின்ன வயதில் ஓடட்டும், குதிக்கட்டும், குஷியாக விளையாடட்டும். அடுத்து ஆட்டத்தின் நுணுக்கம். உடம்பு வளரும் பருவத்தில் உடம்பைப் பார்த்துப் பயிற்சி. ஜெயிப்பதற்கென்று தயார் செய்வது கடைசியில். அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் 2018-ல் 'கோல்டன் பேபி லீக்ஸ்' என்று 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சின்ன மைதான ஆட்டங்களைத் தொடங்கியது. அந்த முதல் படி நம் கடப்புறத்தில் யாரும் திட்டம் போடாமலே நடந்துகொண்டிருந்தது.

சிக்கல் இரண்டாவது படியில். ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதில் உயரம் வேகமாக ஏறும். உச்சத்தில் வருஷத்துக்கு 9, 10 செ.மீ. கூட வளர்வார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே வயதில் அல்ல. ஒருவனுக்கு 12-லேயே மீசை முளைக்கும், இன்னொருவன் 15-லும் குழந்தை மாதிரியே நிற்பான். அந்த நேரத்தில் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்தால் யாரை எடுப்பார்கள்? உயரமானவனை. கோப்பை வேண்டுமே!

என் வகுப்பில் ஒருத்தன் இருந்தான். இரண்டு வருஷம் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, நிறையப் பள்ளிகளில் இதுதான் நடந்தது. பதினேழு வயதில் ஐந்தே முக்கால் அடி வளர்ந்து நின்றான். ஆனால் அதற்குள் கொச்சியில் போட்டில் ஏறிவிட்டான்.

இந்த வயதில்தான் கடலும் கூப்பிடுகிறது. 2017 நவம்பர் 30-ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. ஓகிப் புயலுக்குப் பிறகு எத்தனை வீடுகளில் மூத்த பிள்ளை அப்பனின் இடத்துக்குப் போக வேண்டி வந்தது! அந்தப் பிள்ளையிடம் போய் 'பயிற்சிக்கு வா' என்று யார் சொல்வது?

இப்போது நம் மைக்கேல் சூசைராஜைப் பாருங்கள். இரயுமன்துறைக்காரர், 1994-ல் பிறந்தவர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடத் தொடங்கியது 2017-ல், 22 வயதில். பிறகு ஜாம்ஷெட்பூர், அங்கிருந்து கொல்கத்தா. 2019-ல் கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் பிடித்தபோது வயது 24. ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி 1987 முதல் இருக்கிறது. அங்கே பதின்ம வயதிலேயே பையன்களைச் சேர்த்து, தங்க வைத்து, சோறு போட்டு, வருஷக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். அந்த ஊர் அணியே நம் மணலில் வளர்ந்தவரைத் தேடி எடுத்தது. எனக்குப் பெருமைதான். ஆனால் 22 வயது வரை ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஒரே வீட்டில் இரண்டு பேர் வருவது அதிசயம், அதையே ஊருக்குத் திட்டமாக வைக்க முடியாது.

ஜெர்மனி 2000 யூரோ கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த அவமானத்தில் அவர்கள் செய்த காரியத்தைக் கவனியுங்கள். 2002 முதல் நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களை அமைத்தார்கள். கிராமத்துப் பையனுக்கும் எட்டும் தூரத்தில், முக்கியமாக 11 முதல் 14 வயதுக்காரர்களுக்காக. 2014-ல் உலகக் கோப்பை வாங்கினார்கள். பெல்ஜியம்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தார்கள். என் மாணவன் அங்கே பிறந்திருந்தால் அந்த அணியில் இருந்திருப்பான்.

நமக்கு ஜெர்மனியின் பணம் கிடையாது. மணலும் குறைந்துவருகிறது. கடலரிப்பும் தடுப்புக் கல்லும் எத்தனை ஆடுகளங்களை விழுங்கிவிட்டன என்று ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பைக்குப் பணம் கிடைக்கிறது! திருவிழாப் போட்டிக்குப் பரிசுத் தொகை, ஜெர்சி, மின்விளக்கு என்று வளைகுடாவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் நீங்கள்தான் அனுப்புகிறீர்கள். அதைக் குறை சொல்லவில்லை.

அதில் ஒரு பங்கை 13 முதல் 17 வயதுப் பையன்களுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கு மாதச் சம்பளம். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு ஏத்தன் பழம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவனின் உயரத்தையும் அளந்து குறிக்க ஒரு நோட்டு. வேகமாக வளர்கிறவனுக்கு முட்டி வலி வரும், அவனுக்கு ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். வளராதவனை வெளியே அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கு அந்த நோட்டு போதும். கணக்கு எழுதி வைக்க நான் தயார், சாயங்காலம் எனக்கு வேறு வேலை இல்லை. யார் யார் சேருகிறீர்கள் என்று டிசம்பரில் ஊருக்கு வரும்போது சொல்லுங்கள்.