வாஷிங்டனில் ஒரு கான்கிரீட் பூங்கா

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், பதினாறாம் தெருவை ஒட்டிய மேட்டுச் சரிவில் சுமார் 12 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள மெரிடியன் ஹில் பூங்காவுக்கான நிலத்தை அந்நாட்டு அரசு 1910-ஆம் ஆண்டில் வாங்கியது. ஜார்ஜ் பர்னாப்பும் அவரையடுத்து ஹோரஸ் பீஸ்லியும் வகுத்த திட்டம் இத்தாலிய மாளிகைத் தோட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டிருந்தமையால், உயர்ந்த தாங்குசுவர்களும் படிவரிசைகளும், 13 தொட்டிகளின் வழியே நீர் படிப்படியாக வழிந்திறங்கும் செயற்கை அருவியும் அதில் இடம்பெற்றன. இவற்றையெல்லாம் செதுக்கிய கல்லில் எழுப்புவது பெருஞ்செலவாகும் என்பதால் கான்கிரீட் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும், கிடங்குகளுக்கும் பாலங்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட அச்சாம்பல்நிறப் பொருள் ஓர் அலங்காரப் பூங்காவுக்குப் பொருந்துமா என்ற ஐயம் நீடித்தது.

அதற்கு விடை கண்டவர், சிற்பப் பட்டறை ஒன்றைத் தந்தையிடமிருந்து பெற்று நடத்திவந்த ஜான் ஜோசப் எர்லி. கான்கிரீட்டின் நிறத்தைச் சிமெண்டிடமோ மேற்பூச்சிடமோ தேடாமல், அதனுள் மறைந்துகிடக்கும் ஜல்லியிடமே தேட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பொட்டோமாக் ஆற்றுக் கூழாங்கற்களை அளவும் நிறமும் பார்த்துத் தேர்ந்து கலவையில் சேர்த்து, வார்ப்பு முழுதும் இறுகுவதற்கு முன்பே அச்சுப் பலகைகளைக் கழற்றி, மேலே படிந்த சிமெண்ட் பாலைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கியபோது, பழுப்பும் மஞ்சளுமாகக் கற்கள் முகம் காட்டின. பலகையைக் கழற்றும் நேரம் முந்தினால் கற்கள் உதிரும், பிந்தினால் சிமெண்ட் தேய்க்க வராது; ஆகவே தொழிலாளியின் கைத்தேர்ச்சியே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

பெருஞ்சுவர்கள் அவை நிற்கும் இடத்திலேயே ஊற்றப்பட்டன. கைப்பிடிச் சுவரின் குறுந்தூண்கள், பூந்தாழிகள் போன்று ஒரே வடிவில் பல வேண்டியவையோ முன்வார்ப்பு முறைக்கு, அதாவது தனியே அச்சில் வார்த்து இறுகியபின் கொண்டுவந்து பொருத்தும் முறைக்கு, இயல்பாகவே இடம் கொடுத்தன. ஒருமுறை செய்த அச்சு மீண்டும் மீண்டும் பயன்பட்டதால், கற்சிற்பி ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்க வேண்டிய நுணுக்கம் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. இதே முறையைப் பின்னர் எர்லி இல்லினாய் மாநிலத்து வில்மெட்டில் உள்ள பஹாய் வழிபாட்டு இல்லத்தின் குவிமாடத்திற்குக் கையாண்டார். சரிகை போன்ற துளைவேலைப்பாடுடைய அதன் பாளங்கள் அவரது பட்டறையில் வார்க்கப்பட்டு ரயிலில் அனுப்பப்பட்டன.

பூங்காப் பணி 1936 வரை நீண்டது. 1994-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிக்கனம் கருதித் தேர்ந்த பொருளே அப்பூங்காவின் முதற்பெருமையாக இன்று எண்ணப்படுகிறது.